ஓஎஸ்ஸ திரும்ப போட்டா ஃபைல் எல்லாம் போயிடுமா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அஞ்சு வருஷத்து லேப்டாப், விண்டோஸ் 10, போன வாரத்துல இருந்து ஆன் பண்ணா லோகோவுக்குக் கீழ வட்டம் சுத்திட்டே நிக்குது, கடைல கொண்டுபோய் காட்டினா "ஃபார்மட் பண்ணிதான் ஆகணும், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு சொல்லிட்டாங்க. டெஸ்க்டாப்ல பொண்ணு பொறந்ததுல இருந்து எடுத்த ஃபோட்டோ, அப்பா கடையோட டேலி கணக்கு, டி டிரைவ்ல மத்ததெல்லாம். ஓஎஸ் மட்டும் புதுசா போடணும், ஒரு ஃபைல் கூட போகக்கூடாது, நடக்குமான்னு கேட்டிருக்கீங்க. நடக்கும். விண்டோஸ் போடறது எப்படின்னு வீடியோ எக்கச்சக்கமா இருக்கு, அதனால அத மேலோட்டமா சொல்லிட்டு, நீங்க நிஜமா பயப்படற விஷயம், எந்த இடத்துல டேட்டா போகும் எந்த இடத்துல போகாது, அத கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பதினேழு வருஷமா சர்வீஸ் வேலைல இருக்கேன், டேட்டா போய் கடை வாசல்ல நின்னு அழுதவங்கள பாத்திருக்கேன், அதனால இந்த விஷயத்துல அவசரப்பட எனக்கு மனசு வராது.

முதல்ல ஒரு சொல் குழப்பத்த தீத்துக்கலாம். நம்ம ஊர்ல ஓஎஸ் திரும்ப போடறதுக்கும் ஃபார்மட் பண்றதுக்கும் ஒரே வார்த்தைதான், "ஃபார்மட் அடிக்கறது". ஆனா ரெண்டும் வேற வேற வேல. ஃபார்மட்ங்கறது ஒரு பார்ட்டிஷன்ல (டிஸ்க்க சி, டின்னு பிரிச்சதுல ஒரு பாகம்) எந்த ஃபைல் எங்க இருக்குங்கற அட்டவணைய அழிச்சு புதுசா வெறும் அட்டவண போடறது. ஓஎஸ் போடறதுங்கறது விண்டோஸோட சொந்த ஃபைல்கள மாத்தி வெக்கறது, அதுக்கு ஃபார்மட் பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. கடைக்காரர் ஃபார்மட்னு சொல்றதுக்கு காரணம் அவருக்கு அதுதான் வேகம், பழைய குப்பை எதுவும் மிச்சம் இருக்காது, திரும்ப கம்ப்ளெயின்ட் வராது. அவர் பக்கத்துல அது நியாயம்தான். உங்க ஃபோட்டோவுக்கு அது நியாயம் இல்ல.

டி டிரைவ் பத்தி கேட்டீங்க. சி டிரைவ ஃபார்மட் பண்ணா டி டிரைவ் போகாது, இது உறுதி, ரெண்டும் தனித்தனி பார்ட்டிஷன். ஆனா டி டிரைவ் போறது எப்பவும் கைத்தவறுலதான். பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, அதாவது மெஷின அதுல இருந்தே ஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் போடற அந்த ஸ்க்ரீன்ல சி, டின்னு எழுத்தே இருக்காது, டிரைவ் 0 பார்ட்டிஷன் 3, டிரைவ் 1 பார்ட்டிஷன் 1 இப்படித்தான் வரும், பக்கத்துல சைஸ் மட்டும் போட்டிருக்கும். வேலைக்கு வந்த புதுசுல ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரரோட லேப்டாப், எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒண்ணு ஹார்ட் டிஸ்க் ஒண்ணு ரெண்டும் இருந்துச்சு, டிரைவ் 0ன்னா எஸ்எஸ்டியாதான் இருக்கும்னு நானே நெனச்சுகிட்டு அதுல இருந்த பார்ட்டிஷன டெலீட் பண்ணிட்டேன். அது ஹார்ட் டிஸ்க். மூணு கல்யாணத்தோட ஃபோட்டோ அதுல இருந்துச்சு. அழிச்ச உடனே கவனிச்சதால அதுக்கு மேல ஒரு எழுத்து கூட எழுதாம மெஷின நிறுத்திட்டு, டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல போட்டு, டெஸ்ட்டிஸ்க்னு ஒரு இலவச ப்ரோக்ராம் வெச்சு அந்த பார்ட்டிஷன் அட்டவணைய திரும்ப எழுதி காப்பாத்தினோம், ரெண்டு ராத்திரி ஆச்சு. அன்னைல இருந்து எந்த மெஷின்ல விண்டோஸ் போட்டாலும், தேவையில்லாத எல்லா டிஸ்க்கையும் மொதல்ல கழட்டிடுவேன். உங்களுக்கும் அதே தான் சொல்றேன், பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்க விண்டோஸ் போடற நேரத்துல சொருகியே வெக்காதீங்க.

அன்னைக்கு அது தப்பிச்சதுக்கு ஒரு காரணம் அது சுத்தற ஹார்ட் டிஸ்க்ங்கறதுதான். எஸ்எஸ்டியா இருந்தா கத வேற. ஃபைல அழிச்ச உடனே "இந்த இடம் இனி வேண்டாம்"னு விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு சொல்லிடும், அதுக்குப் பேர் ட்ரிம், எஸ்எஸ்டி தன் பாட்டுக்கு உள்ள அந்த இடத்த சுத்தம் பண்ணிடும், அதுக்கப்பறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு பாத்தா பேர் தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது. உங்க லேப்டாப் வயசுக்கு எஸ்எஸ்டியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால "போனா ரெக்கவரி பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஹார்ட் டிஸ்க் காலத்துல ஓரளவு உண்மையா இருந்த பேச்சு அது.

ஓஎஸ்ஸ தொடறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வட்டம் சுத்திட்டே நிக்கறதுக்கு விண்டோஸ் கெட்டுப்போனது காரணமா இருக்கலாம், டிஸ்க்கே சாகப்போறதும் காரணமா இருக்கலாம், உங்க மெஷின கையில பாக்காம இதுல எதுன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது. டிஸ்க் சாகற நிலைல இருந்தா அதுமேல புதுசா விண்டோஸ் போடறதுதான் இருக்கறதுலயே மோசமான காரியம், ஏன்னா பல ஜிபி எழுதறோம், இருக்கற கொஞ்ச உயிரும் போயிடும். லினக்ஸ்ங்கறது விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ், இலவசம். அதுல லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ ஒரு பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை பண்ற மாதிரி பூட் பண்ணுங்க, அதுல டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கும், ஸ்மார்ட் டேட்டான்னு, டிஸ்க் தன் நிலையப் பத்தி தானே எழுதி வெச்சிருக்கற கணக்க, காட்டும். ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பென்டிங் செக்டார் இந்த ரெண்டு வரியையும் பாருங்க, ரெண்டும் பூஜ்யமா இருந்தா ஓரளவு நிம்மதி. பென்டிங்ல நம்பர் ஏறிட்டே போச்சுன்னா இல்ல டிக் டிக்னு சத்தம் வந்துச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு ரெக்கவரி வேலை தெரிஞ்சவங்ககிட்ட போயிடுங்க. ஆனா ஸ்மார்ட் நல்லா இருக்குன்னு காட்டறதாலயே டிஸ்க் நல்லா இருக்குன்னு முழுசா நம்பிடவும் முடியாது, எல்லாம் பச்சையா காட்டிட்டு மறுநாள் செத்த எஸ்எஸ்டிய நானே பாத்திருக்கேன்.

இப்ப காப்பி எடுக்கற வேல. விண்டோஸ் உள்ள போகலைன்னா ஃபைல் எடுக்க முடியாதுன்னு நிறைய பேர் நெனக்கறாங்க, அப்படி இல்ல. இப்ப சொன்ன அந்த லினக்ஸ் பென்டிரைவ்லயே விண்டோஸ் டிரைவ திறந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (விண்டோஸ் சீக்கிரம் எழுந்திரிக்க வெச்சிருக்கற செட்டிங்) ஆன்ல இருந்தா விண்டோஸ் அரைத்தூக்கத்துல நிக்கும், அப்ப லினக்ஸ் அந்த டிரைவ படிக்க மட்டும் விடும், எழுத விடாது. நமக்கு படிச்சா போதும், எழுதற மாதிரி திறக்கணும்னு வலுக்கட்டாயம் பண்ணாதீங்க. லினக்ஸ் பயமா இருந்தா இன்னொரு வழி, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, மொழி கேக்கற மொதல் ஸ்க்ரீன்ல ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேத்து அழுத்துங்க, கருப்பு விண்டோ வரும், அதுல நோட்பேட்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி என்டர் தட்டுங்க. நோட்பேட்ல ஃபைல், ஓப்பன் போய், கீழ ஆல் ஃபைல்ஸ்னு மாத்தினா டிரைவ் எல்லாம் தெரியும், அங்கயே ரைட் க்ளிக் பண்ணி காப்பி, எக்ஸ்டர்னல்ல போய் பேஸ்ட். சி டிரைவ் அங்க டின்னோ ஈன்னோ பேர் மாறி தெரியலாம், உள்ள யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கான்னு பாத்து கண்டுபிடிங்க. பெரிய ஃபோல்டர்னா மெஷின் உறைஞ்சு போன மாதிரி நிக்கும், முடியற வரைக்கும் தொடாம விட்டுடுங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32ங்கற ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஒத்த ஃபைல் ஏறாது, வீடியோ இருந்தா எக்ஸ்ஃபேட் இல்ல என்டிஎஃப்எஸ்ல உள்ள டிஸ்க்க எடுங்க.

இங்க ஒரு பூட்டு குறுக்க வரலாம், பிட்லாக்கர், கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸ் டிரைவ பூட்டி வெக்கறது. நான் எதையும் ஆன் பண்ணலையேன்னு சொல்வீங்க, ஆனா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணின பல லேப்டாப்ல அது தானாவே ஆன் ஆகியிருக்கும், ஹோம் எடிஷன்ல கூட டிவைஸ் என்க்ரிப்ஷன்ங்கற பேர்ல. அப்படி இருந்தா லினக்ஸ்லயும் அந்த நோட்பேட் வழிலயும் டிரைவ் பூட்டியேதான் இருக்கும், 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். ஃபோன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸ் பக்கத்துல பாத்தா பிட்லாக்கர் கீ இருக்கும், ஒண்ணுக்கு மேல இருந்தா ஸ்க்ரீன்ல காட்டற கீ ஐடியோட ஒத்துப் போறத எடுங்க, இப்பவே பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க. அந்த லேப்டாப்ப மொதல்ல செட்டப் பண்ணி குடுத்தவர் அவர் அக்கவுண்ட்ட போட்டிருந்தார்னா கீ அவர்கிட்டதான் இருக்கும், அவர கேளுங்க. கீ இல்லாம அந்த டேட்டாவ திறக்க வழி கிடையாது, காசு குடுத்தா திறந்து தர்றேன்னு வர்றவங்கள நம்பாதீங்க. இத முதல்லயே பாத்துடுங்க, ஏன்னா கடைல இத கவனிக்காம பார்ட்டிஷன அழிச்சுட்டா அப்பறம் கீ கெடச்சும் பிரயோஜனம் இல்ல.

சரி, எத காப்பி எடுக்கணும்? இங்கதான் ஜாக்கிரதையா இருக்கறவங்களே ஏமாந்து போறாங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாரும் எடுப்பாங்க. டேலி டேட்டா அங்க இருக்காது. டேலி ஈஆர்பி 9, டேலி பிரைம் ரெண்டுமே வழக்கமா சி டிரைவ்ல யூசர்ஸ் உள்ள பப்ளிக்ங்கற ஃபோல்டர்ல வெக்கும், பழைய இன்ஸ்டாலா இருந்தா சி டிரைவ்லயே டேலின்னு தனி ஃபோல்டர்ல இருக்கும், உள்ள போனா கம்பெனி பேரே தெரியாது, 10000, 10001ன்னு நம்பர் பேர்லதான் ஃபோல்டர் இருக்கும். கடை பேர தேடிட்டு இல்லைன்னு விட்டுட்டு வந்தவங்க உண்டு. அதனால நான் எப்பவும் ஃபோல்டர் ஃபோல்டரா பொறுக்க மாட்டேன், யூசர்ஸ் ஃபோல்டர முழுசா எடுப்பேன், அதோட சி டிரைவ் வாசல்ல விண்டோஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் தவிர வேற என்னென்ன ஃபோல்டர் இருக்கோ எல்லாத்தையும் எடுப்பேன்.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, தமிழ் ஃபான்ட். அப்பா கடை லெட்டர், பில் எல்லாம் பாமினிலயோ வானவில்லயோ டைப் பண்ணினதா இருந்தா, அந்த ஃபான்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல இருக்கும், ஓஎஸ் மாத்தினா அது போயிடும். ஃபைல் பத்திரமா இருக்கும், திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கெடக்கும், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சே போட்டவங்க இருக்காங்க. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் ஒரு காப்பி எடுங்க, திரும்ப போட்டா எல்லாம் தமிழா தெரியும். அழகியோ என்எச்எம் ரைட்டரோ எதுல டைப் பண்ணினாங்களோ அதையும் குறிச்சு வெச்சுக்கங்க. ப்ரௌசர்ல சேவ் ஆகியிருக்கற பாஸ்வேர்ட் இன்னொரு சிக்கல், குரோம் ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணி புது விண்டோஸ்ல போட்டா புக்மார்க் வரும், பாஸ்வேர்ட் வராது, அது பழைய விண்டோஸ் அக்கவுண்ட்டோட சேத்துப் பூட்டினது. கூகுள் அக்கவுண்ட்ல சிங்க் ஆன்ல இருந்தா தானா வந்துடும், ஃபோன்ல பாத்தா தெரியும் இருக்கா இல்லையான்னு.

ஒன்டிரைவ் பத்தியும் ஒரு வார்த்த. டெஸ்க்டாப் ஃபோட்டோ எல்லாம் ஒன்டிரைவ்ல, அதாவது மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் சேமிப்புல, ஏறிக்கிட்டு இருந்திருக்கலாம், அப்படின்னா யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கற டெஸ்க்டாப்ல ஒண்ணும் இருக்காது, ஒன்டிரைவ்ங்கற ஃபோல்டருக்குள்ள ஒரு டெஸ்க்டாப் இருக்கும், அதுலதான் எல்லாம் இருக்கும். சிலது பேர் மட்டும் இங்க இருக்கும், ஃபைல் ஆன்லைன்ல இருக்கும், காப்பி பண்ணா எர்ரர் வரும், பயப்படாதீங்க, ஆன்லைன்ல போய் டவுன்லோட் பண்ணிக்கலாம். ஆனா இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான், அஞ்சு வருஷ ஃபோட்டோ அதுல அடங்கியிருக்காது, எது ஏறினது எது ஏறலைங்கறத ஃபோன்லயே லாகின் பண்ணி கண்ணால பாத்துக்கங்க.

காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கைய ஒப்பிடுங்க, அப்பறம் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்க வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி பத்துப் பதினஞ்சு ஃபோட்டோ, ஒரு வீடியோ, ரெண்டு வேர்ட் ஃபைல் திறந்து பாருங்க. டேலி வெச்சிருக்கற தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அந்த டேட்டா ஃபோல்டர அங்க திறந்து பாத்துடுங்க, அப்பா கணக்குல இந்த வருஷ என்ட்ரி வர்றதான்னு. இத செய்யாம அடுத்த படிக்கு போக வேண்டாம், கெஞ்சி கேக்கறேன்.

இதெல்லாம் முடிஞ்சப்பறம் ஓஎஸ் போடறது சாதாரண வேலதான். அதுவும் போட வேண்டிய அவசியமே இல்லாம போகலாம். மெஷின் ஆன் ஆகி வட்டம் சுத்தும்போது பவர் பட்டன அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, ரெண்டு மூணு தடவ இப்படி பண்ணா ரிப்பேர் மெனு வரும், அதுல ஸ்டார்ட்டப் ரிப்பேர், கடைசியா வந்த அப்டேட்ட நீக்கறது ரெண்டையும் முயற்சி பண்ணுங்க. போன வாரம் வரைக்கும் நல்லா இருந்த மெஷின் திடீர்னு நின்னா அப்டேட் நீக்கினதுமே எழுந்து உக்காந்தத நான் நிறைய தடவ பாத்திருக்கேன், உங்களுதும் அப்படித்தான்னு சொல்ல முடியாது. எழுந்துட்டா, விண்டோஸுக்குள்ள இருந்தே ஐஎஸ்ஓ ஃபைல (விண்டோஸ் இன்ஸ்டால் முழுசும் அடங்கின ஒரே ஃபைல்) திறந்து செட்டப் ஓட்டி, ஃபைல் ஆப் ரெண்டையும் வெச்சுக்கன்னு குடுத்தா ஓஎஸ் புதுசாகும், டேலி உட்பட எல்லாம் அப்படியே இருக்கும், இருக்கறதுலயே நல்ல வழி அதுதான், எடிஷனும் மொழியும் மட்டும் ஒண்ணா இருக்கணும்.

எழுந்திரிக்கலைன்னா அதே ரிப்பேர் மெனுல ரீசெட் திஸ் பிசி இருக்கு, கீப் மை ஃபைல்ஸ்ங்கறத எடுங்க. கிளவுட் டவுன்லோட்னு குடுத்தா சுமார் 4 ஜிபி இறக்கி புது ஃபைல்ல இருந்து போடும், உள்ள இருக்கறதே கெட்டுப் போயிருக்கும்னு சந்தேகம் இருந்தா அதான் நல்லது. இதுல ஃபோட்டோ டாக்குமென்ட் நிக்கும், போட்டிருந்த சாஃப்ட்வேர் எல்லாம் போயிடும், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் உள்ளயும் ஆப் டேட்டா உள்ளயும் இருந்தது எதுவும் நிக்காது, போன சாஃப்ட்வேர் லிஸ்ட் மட்டும் டெஸ்க்டாப்ல ஒரு ஃபைலா வரும். ரிமூவ் எவ்ரிதிங் தெரியாம தட்டிடாதீங்க, அதுக்குள்ள ஆல் டிரைவ்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, டி டிரைவையும் சேத்து துடைச்சிடும். லேப்டாப் கம்பெனி குடுத்திருக்கற ஃபேக்டரி ரெக்கவரியையும் தொட வேண்டாம், அது வாங்கின அன்னைக்கு இருந்த நிலைக்கு கொண்டு போகறதுக்கு, ஃபைல காப்பாத்தறதுக்கு இல்ல.

ரீசெட்டும் பாதில நின்னா கடைசி வழி, 8 ஜிபி பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல் வெச்சு விண்டோஸ் போட்டு (அந்த பென்டிரைவ்ல இருக்கறது அழிஞ்சிடும், காலியானத எடுங்க) அதுல பூட் பண்ணி கஸ்டம்ங்கறத எடுத்து, பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷன மட்டும் செலக்ட் பண்ணி, ஃபார்மட் டெலீட் எதையும் தொடாம நெக்ஸ்ட். பழைய ஃபைல் விண்டோஸ் டாட் ஓல்ட்ங்கற ஃபோல்டருக்கு போகும்னு ஒரு மெசேஜ் வரும், அது வந்தா சரியான பார்ட்டிஷன்லதான் கை வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம், வரலைன்னா அங்கயே நிறுத்துங்க. போட்டு முடிஞ்சதும் அந்த ஃபோல்டர்ல இருந்து எடுக்க வேண்டியத அன்னைக்கே எடுத்துடுங்க, கொஞ்ச நாள் கழிச்சு விண்டோஸ் அத தானாவே அழிச்சிடும், டிஸ்க் க்ளீனப் ஓட்டினாலும் போயிடும். லைசென்ஸ் கீ கேட்டா என்கிட்ட இல்லைன்னு குடுத்து, முன்னாடி இருந்த அதே ஹோம் இல்ல ப்ரோ எடிஷன எடுங்க, லைசென்ஸ் ஒரிஜினலா இருந்தா நெட் கனெக்ட் ஆனதும் ஆக்டிவேட் ஆயிடும். டிரைவே தெரியலைன்னு ஸ்க்ரீன் காலியா வந்தா டிஸ்க் போச்சுன்னு பதறாதீங்க, இன்டெல் 11வது தலைமுறைக்கு மேல உள்ள பல லேப்டாப்ல இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர தனியா லோட் பண்ணாதான் டிஸ்க் தெரியும். ஜிபிடி எம்பிஆர்னு எர்ரர் வந்தா எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சா சரியாகும்னு வீடியோல சொல்வாங்க, செய்யாதீங்க, பென்டிரைவ தப்பான மோடுல பூட் பண்ணியிருக்கீங்க, பூட் மெனுல அதே பென்டிரைவோட யூஈஎஃப்ஐன்னு போட்டிருக்கறத எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். வைஃபை வரலைன்னா ஃபோன யூஎஸ்பில மாட்டி டெதரிங் ஆன் பண்ணுங்க.

இதோட சேத்து விண்டோஸ் 11க்கு மாறிடலாமான்னும் கேட்டிருந்தீங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சுது, அதனால மாற வேண்டியதுதான், இன்டெல் 8வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருந்து டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் இருந்தா தாங்கும், அஞ்சு வருஷ லேப்டாப் பெரும்பாலும் தாங்கும். ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் செய்யாதீங்கங்கறது என் அபிப்ராயம். மொதல்ல 10 எழுந்து நிக்கட்டும், டேலி ஓடட்டும், அப்பா ஒரு வாரம் பில் போட்டுப் பாக்கட்டும், அப்பறம் மாறலாம்.

கடைலயே குடுத்து செய்யறதா இருந்தாலும் தப்பில்ல, பேக்கப்ப மட்டும் வீட்லயே எடுத்துட்டு அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்க வீட்லயே வெச்சுட்டு லேப்டாப்ப மட்டும் கொண்டு போங்க. லேப்டாப் நல்லா ஆயி ஃபோட்டோ எல்லாம் திரும்ப உள்ள போட்டப்பறமும் அந்த டிஸ்க்க காலி பண்ணாதீங்க, ஒரு மாசம் அப்படியே பீரோல இருக்கட்டும், ஏதோ ஒரு ஃபைல எடுக்க மறந்தது வழக்கமா மூணாவது வாரம்தான் ஞாபகம் வரும்.